காலடியில் மணல் இல்லை

வைரக்கண்ணு பேரூராட்சியின் பம்ப் ஆபரேட்டர். கொள்ளிடத்தின் நடுவே கான்கிரீட் கோபுரம்போல் நின்ற குடிநீர்க் கிணறுதான் அவர் வேலை பார்க்கும் இடம். கிணற்றின் தலையில் மோட்டார் அறை. கரையிலிருந்து அங்கே போகத் தூண்கள்மேல் ஒரு நடைபாலம். அவர் வேலைக்குச் சேர்ந்த தொண்ணூற்று மூன்றில், பாலத்திலிருந்து குதித்தால் மணலில் காலூன்றி நிற்கலாம். அணைகளைத் தாண்டிப் புது மணல் வருவது எப்போதோ குறைந்துபோயிற்று; இருந்ததையும் பொக்லைன்கள் அள்ளி லாரி லாரியாக அனுப்பின. பன்னிரண்டு வருஷத்தில் ஆற்றுத்தரை மூன்று ஆள் ஆழம் இறங்கிவிட்டது. தூண்களின் அடிக்கட்டு, ஈறு வற்றிய பல்லைப்போல வெளியே தெரிந்தது.

ஆபீசுக்கு எழுதிக் கொடுக்கத்தான் நினைத்தார். அந்த நேரம் பார்த்து, சிங்கப்பூரில் இருந்த மகன் அரவிந்தனுக்காக ஊரில் வீட்டு வேலை ஆரம்பித்திருந்தது. துபாயிலிருந்து திரும்பி மணல் லாரி ஓட்டிய நௌஷாத், கேட்காமலே, காசும் வாங்காமல், ஆறு லோடு மணலைக் கொட்டிவிட்டுப் போனான். வைரக்கண்ணு எழுதவில்லை.

அந்த ஆடிக் கடைசியில் மேட்டூர் நிரம்பி, உபரித் தண்ணீர் கொள்ளிடத்தில் பாய்ந்தது. காலை பத்து மணிக்கு இன்ஜினியர் போன் செய்தார். “மோட்டார நிறுத்திட்டு ஒடனே வெளிய வந்துருங்க.”

சுவிட்சை இறக்கினார். மோட்டார் இரைச்சல் அடங்கிய பிறகும் காலடியில் தரை அதிர்ந்துகொண்டிருந்தது.

வாசலுக்கு ஓடினார். நடைபாலத்தின் மூன்றாவது தூண் முழங்கால் மடங்குவதுபோல உட்கார்ந்தது. பாலம் இரண்டாய் முறிந்து செந்நிறத் தண்ணீரில் போனது.

கரையில் கூட்டம். போன் அடித்தது. கரையிலிருந்து நௌஷாத்தான்.

“அண்ணே, தீயணைப்புக்குச் சொல்லிட்டேன். படகு வருது. அசையாம உக்காருங்க.”

“சாயுது தம்பி.”

“சாயாதுண்ணே. அவ்ளோ பெரிய கெணறு எங்க போவும்?”

“அடியில மணல் இல்லையே நௌஷாத். ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

போனில் அவன் அழுகிற சத்தம் கேட்டது. அறைக்குள் கிரீஸ் டப்பா தானாக நகர்ந்து மேற்குச் சுவரில் முட்டியது. வைரக்கண்ணு ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பயத்தில் வேட்டி நனைந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

ரப்பர் படகு வந்து சேர மூன்று மணியாயிற்று. கயிற்றில் இறங்கும்போது கிணற்றுச் சுவர் முனகியது.

கரையில் இன்ஜினியர் அவர் தோளைப் பிடித்தார். “எப்பலேர்ந்துங்க தூண் இப்படி இருந்துச்சு?”

“ரெண்டு வருஷமா சார். தெரிஞ்சேதான் சொல்லல. ஆறு லோடு மணலுக்காக வாய மூடிக்கிட்டேன்.” பக்கத்தில் நின்ற நௌஷாத் தலை குனிந்துகொண்டான்.

வைரக்கண்ணு மேற்கே பார்த்தார். அரை மைல் தள்ளி, ரோட்டுப் பாலத்தின் மேல் ஜன்னலெல்லாம் தலைகளாக ஒரு பஸ் ஊர்ந்தது.

“சார், அந்தப் பாலத்துக்கு அடியிலயும் இதே பொக்லைன்தான் தோண்டுச்சு. மொதல்ல பஸ்ஸ நிறுத்தச் சொல்லுங்க.”

இன்ஜினியர் பாலத்தைப் பார்த்தபடியே போனை எடுத்தார். லைன் கிடைப்பதற்குள் இன்னும் இரண்டு பஸ்கள் பாலத்தில் ஏறின. இரண்டும் அக்கரை சேரும்வரை கரையில் கூட்டம் அந்தத் தூண்களையே பார்த்து நின்றது. பிறகுதான் போலீஸ் வந்து குறுக்கே தடுப்பு வைத்தது.