நாலாவது பூக்கடை

"அதை உள்ள கொண்டு வராதீங்க. அங்கேயே, செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல வச்சிடுங்க."

வாசலை மறித்துக் கையை விரித்து நின்றாள் தங்கை. வந்தவர் அவள் அண்ணனோடு பஸ் டிப்போவில் வேலை பார்த்த கண்டக்டர். கையில் பெரிய மலர்வளையம். திருதிருவென்று விழித்தார்.

"அண்ணனுக்குப் பூ ஆகாது. வாசம் பட்டாப் போதும், ஏழெட்டுத் தும்மல் போடுவாரு."

கண்டக்டர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கூடத்தின் நடுவில் அண்ணன் படுத்திருந்தார். புதுச் சட்டை, படிய வாரிய தலை. இனித் தும்முவதற்கு வழியில்லை என்பதை எடுத்துச் சொல்லக் கண்டக்டருக்கு வாய் வரவில்லை. வளையத்தைச் செருப்புகளின் மேல் சாய்த்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனார். காலையிலிருந்து இப்படி ஒன்பது வளையங்கள் வெளியே வெயில் காய்ந்தன. வீட்டுக்குள் ஒரு இதழ்கூடக் கிடையாது.

அவளுக்கும் தெரியாமல் இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

அவள் மகளுக்குச் சனிக்கிழமை கல்யாணம். இன்றைக்குப் புதன். மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது தங்கையின் கணவர் போய்ச் சேர்ந்தார். 'ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்' என்று ஒரு பெட்டியோடு வந்த அண்ணன் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டார். தனக்கென்று ஒரு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மருமகளின் கல்யாணத்துக்கு மட்டும் எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தார். பூ விஷயத்தில் நிஜமாகவே மூக்கைத்தான் நுழைத்தார்.

போன மாதம் பூ ஏற்பாடு செய்ய மூன்று பேருமாகக் கிளம்பினார்கள். முதல் கடையில் கண்ணாடி அறை, குளிர்சாதனம், கனமான ஆல்பம் எல்லாம் இருந்தன. கடைக்காரர் இரண்டாவது பக்கத்தைப் புரட்டுவதற்குள் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். ஏழு தும்மல். ஆல்பத்தின் மேலேயே இரண்டு. அடுத்த கடையில் வாசற்படியிலேயே ஒன்பது. மூன்றாவது கடைக்காரர் பயந்துபோய், "துணிப் பூ காட்டட்டுங்களா?" என்று கேட்டார். துணிப் பூவுக்கும் தும்மினார். இத்தனை வருஷம் இல்லாத தும்மல் இப்போது எப்படி வந்தது என்று தங்கை கேட்டதற்கு, 'வயசானா வரும்மா' என்றார்.

நாலாவது கடையில் சாவகாசமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூச்சை ஆழமாக இழுத்தார்.

"ம். இங்க ஒண்ணும் பண்ணல."

"அங்க இருந்த அதே லில்லிதானேண்ணே இங்கயும் இருக்கு?"

"வளர்ப்பு வேறம்மா."

காதில் பென்சில் செருகியிருந்த பூக்கடைக்காரம்மா சிரிக்கக்கூட இல்லை. கைகளில் முள் கீறிய கோடுகள். "கல்யாணம் என்னிக்கு?" என்று நோட்டை எடுத்தாள்.

அவளோடு வேலை செய்வது சுலபமாக இல்லை. மகள் எல்லாம் வெள்ளையாக வேண்டும் என்றாள். மண்டபத்து மஞ்சள் விளக்கில் வெள்ளைப் பூ பழைய பனியன் மாதிரித் தெரியும் என்று முகத்துக்கு நேரே சொன்னாள் பூக்கடைக்காரம்மா. சொன்னதோடு விடாமல் மண்டபத்துக்கே கூட்டிப்போய், விளக்கைப் போட்டுக் காட்டினாள். இளம் மஞ்சள் ரோஜா என்று முடிவானது. மேசைக்கு மேசை உயரமான ஜாடி வேண்டும் என்று தங்கை கேட்டதற்கு, "எதிர்ல உக்காந்திருக்கறவங்க மூஞ்சி தெரிய வேணாமா? சாப்பிட வர்றவங்க பூவோடயா பேசுவாங்க?" என்றாள். ஜாடி குட்டையானது. அண்ணன் தினமும் காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, 'வேலை எந்த மட்டுல இருக்குன்னு பாத்துட்டு வரேன்' என்று கிளம்பிவிடுவார்.

நேற்றும் அப்படித்தான் கிளம்பினார். ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அவ்வளவுதான். வலி தெரிந்திருக்காது என்றார் டாக்டர்.

வாசலில் வேன் நிற்கும் சத்தம் கேட்டது. பூக்கடைக்காரம்மா இறங்கினாள். இரண்டு கைகொள்ளாமல் லில்லி.

"நீங்களுமா?" என்றாள் தங்கை. "உங்களுக்குத் தெரியாததா? அவருக்கு ஆகாதும்மா."

"ஆகும். கொஞ்சம் தள்ளிக்குங்க."

"தும்முவாரு..."

சொன்ன பிறகுதான் தன் குரலே அவளுக்குக் கேட்டது. பூக்கடைக்காரம்மா நின்றாள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? அவருக்கு ஒரு பூவாலயும் தும்மல் வந்ததில்ல. நீங்க வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடியே தனியா வந்து என்கிட்டப் பேசி முடிச்சிட்டாரு. 'என் தங்கச்சி மூணு கடை ஏறி இறங்காம ஒரு துடைப்பம்கூட வாங்க மாட்டா. நேரா இங்க கூட்டிட்டு வந்தா, இதைவிட நல்ல கடை இருக்கும்னு கிளம்பிடுவா. அதனால மூணு கடையில நான் தும்மிடறேன்'னாரு."

வாசலை மறித்திருந்த தங்கையின் கை இறங்கியது.

"என் கடையிலதான் தும்மிப் பழகினாரு. முதல்ல பூனை தும்முற மாதிரி இருந்துச்சு. இப்படித் தும்மினா யாரு நம்புவாங்க, அடிவயித்துலேந்து வரட்டும்னு நான்தான் சொன்னேன்."

"துணிப் பூவுக்குக்கூடத் தும்மினாரே!"

"அதை வந்து சொன்னாரு. ரொம்பப் போயிட்டோமோன்னு அவருக்கே சந்தேகம்."

சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தங்கைக்குத் தெரியவில்லை. வாயைப் பொத்தினாள். விரல் இடுக்கு வழியாக வந்தது. கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓடி வந்த மகளிடம் திக்கித் திக்கிச் சொன்னாள். மகள் சுவரில் சாய்ந்து சிரித்து, சிரித்தபடியே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"உங்க கடைதான் வேணும்னு ஏன் அப்படி நின்னாரு?" என்று கேட்டாள் தங்கை.

"எங்க கடைக்கு எதிர்லதான் சிக்னல். முப்பது வருஷம் பஸ்ஸை அங்க நிறுத்தி நிறுத்திப் பாத்துக்கிட்டே போனாராம். ரிட்டயர் ஆன மறுநாள்தான் உள்ள வந்தாரு. ஒவ்வொரு பூவையும் காட்டி இதுக்கு என்ன பேரு, அதுக்கு என்ன பேருன்னு..." லில்லியின் தண்டுகளை மட்டம் தட்டினாள். "அதுக்கப்புறம் வந்துக்கிட்டே இருந்தாரு."

பூவையா பார்த்தார், பூக்காரம்மாவையா என்று கேட்கத் தங்கைக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. வழிவிட்டு விலகினாள். பிறகு செருப்பு ஸ்டாண்டுக்குப் போய் இரண்டு கையிலும் இரண்டு வளையங்களைத் தூக்கினாள். கண்டக்டர் தன்னுடையதைத் தானே எடுத்துக்கொண்டார். பத்தே நிமிஷத்தில் கூடம் மணத்தது.

பூக்கடைக்காரம்மா கிளம்பும்போது மகளைப் பார்த்தாள். "நாளைக்கு எனக்கு ரோஜா வந்து இறங்குது. கல்யாணத்தைத் தள்ளி வைக்கறதுன்னா இப்பவே சொல்லிடும்மா. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

மகள் தாய்மாமனைப் பார்த்தபடி இருந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மண்டபத்துக்குள் வருவதாக இருந்தது.

"டிப்போவுல இவருக்குக் கடிகாரம்னு பேரு," என்றார் கண்டக்டர், பொதுவாக. "ஒரு நாள்கூட வண்டியை லேட்டா எடுத்ததில்ல."

மகள் மூக்கை உறிஞ்சினாள். "சனிக்கிழமைதான்," என்றாள். பிறகு அம்மாவிடம், "நீ வா என் கூட. மாமா இடத்துல நீ நட."

வெள்ளிக்கிழமை மதியம் கடையில் ஆள் போதவில்லை என்று தெரிந்து தங்கையே போனாள். தண்டு வெட்டினாள், முள் எடுத்தாள், இரண்டு விரலில் குத்து வாங்கிக்கொண்டாள். நாலு மணிக்கு வேனில் முன்சீட்டில் ஏறினாள். பின்னால் இடம் கொள்ளாத ஒரு வாளியை அவள் கால்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, பூக்கடைக்காரம்மா வண்டியை எடுத்தாள். நல்ல வேகமாகத்தான் ஓட்டினாள்.

முதல் திருப்பத்தில் வாளித் தண்ணீர் தளும்பி மேலே கொட்டியது.

"கெட்டியாப் புடிச்சுக்குங்க."

"புடிச்சிருக்கேன், நீங்க ரோட்டைப் பாருங்க."

இரண்டு முழங்கால்களாலும் வாளியை இறுக்கிக்கொண்டாள். ஒரு ரோஜா நிமிர்ந்து அவள் மோவாயில் உரசிக்கொண்டே வந்தது. அதை ஒதுக்கிவிடக் கை ஒழியவில்லை. அடுத்த திருப்பத்திலும் தண்ணீர் கொட்டியது. பாதம் இரண்டும் சில்லென்று நனைய, அவள் வாளியை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.