பூட்டு வைத்த பொறி

மனித உரிமை வக்கீல்களின் அந்த அலுவலகத்தில் அவளுக்குப் ‘பூட்டு’ என்று பட்டப்பெயர். கதவைப் பூட்டி இழுத்துப் பார்ப்பாள், படி இறங்குவாள், மறுபடி ஏறிவந்து இழுத்துப் பார்ப்பாள். போலீஸ் காவலில் அடிபட்டவர்களின் வாக்குமூலங்கள் எல்லாம் உள்ளே இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை, கேலியோடு நிறுத்திக்கொண்டார்கள். யாரும் ஒட்டுக்கேட்கக்கூடாதென்று, பேச உட்காருமுன் எல்லோருடைய போனும் ஃபிரிட்ஜுக்குள் போகவேண்டும் என்பதும் அவள் போட்ட சட்டம்தான்.

அப்படிப்பட்ட இடத்துக்கு, மனசுவிட்டுப் பேசச் சொல்லி ஒரு மனநல ஆலோசகர் வந்து சேர்ந்தார். வக்கீல்கள் ஒவ்வொருவராக அவர் அறைக்குள் போய் அழுது, முகம் கழுவிக்கொண்டு வந்தார்கள். பூட்டுக்குச் சந்தேகம் தட்டியது. அந்தம்மாள் எதையும் எழுதிக்கொள்வதில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சும்மா காத்திருக்கிறார். பூட்டுக்குத் தெரிந்து அப்படிக் காத்திருப்பவர்கள் விசாரணை அதிகாரிகள்தான். இவர் உளவு சொல்ல வந்தவர் என்றால், நம்பி வாக்குமூலம் கொடுத்தவர்களின் கதி?

தூக்கமில்லாமல் கண் சிவந்து திரிந்த அவளையும் இயக்குநர் அந்த அறைக்கு அனுப்பினார். இதுதான் சமயம் என்று பூட்டு பொறி வைத்தாள். சந்தேகப்படும் ஆளிடம் மட்டும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அது எங்கே தலைகாட்டுகிறது என்று பார்ப்பது அவர்கள் தொழிலில் பழகிய வித்தை.

“ஃபைல் எல்லாம் இப்ப என் தங்கச்சி வீட்டு மாடியில இருக்கு” என்றாள்.

“அது தங்கச்சிக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார் ஆலோசகர்.

சிக்கிவிட்டார் என்று பூட்டு உள்ளுக்குள் குதித்தாள்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் சக வக்கீலின் பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கு எதிரே போய் நின்றாள். தலையில் ஹெல்மெட். தடம் தெரியக்கூடாதென்று போன் இரவும் பகலும் ஃபிரிட்ஜிலேயே கிடந்தது. யாரும் வரவில்லை. ஆனால் வீட்டின் போக்கு மாறியது. ஜன்னல்கள் சாத்தியே கிடந்தன. கேட்டைப் பிடித்து ஆடும் தங்கை மகளை வெளியே காணவில்லை. ஒரு நாள் இருட்டுமுன்பே விளக்குகளும் அணைந்தன.

மிரட்டிவிட்டார்கள் என்று அவளுக்கு உறுதியானது. தன் பொய்யால் தங்கை மாட்டிக்கொண்டாளே என்று அலுவலகத்துக்கு விரட்டிவந்து போனை எடுத்தாள். சில்லிட்டிருந்த போனில் தங்கையின் குரல் காத்திருந்தது.

“அக்கா, எதிர்ல ஒருத்தன் தினமும் பைக்ல வந்து உக்காந்திருக்கான். ஹெல்மெட்டையே கழட்ட மாட்டேங்குறான். பாப்பா ஜன்னல் பக்கமே போறதில்ல. நீ போனையும் எடுக்க மாட்டேங்குற. பயமா இருக்குக்கா.”

அப்போதுதான் ஹெல்மெட் இன்னும் தலையில் இருப்பது அவளுக்கு உறைத்தது. கழற்றி மேசைமேல் வைத்தாள். இப்படி ஒரு பைக், இப்படி ஒரு முகம் தெரியாத ஆள் என்று எத்தனை வாக்குமூலங்களை அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள். வெட்கத்தில் உடம்பே கூசியது.

தங்கையை அழைத்து, “அது நான்தான்” என்றாள்.

“அது பெரியம்மாவாம்” என்று தங்கை மகளிடம் சொல்வது கேட்டது. பிறகு போன் கை மாறியது.

“பெரியம்மா, எங்கள எதுக்குப் பயமுறுத்துனீங்க?”

 ஆலோசகரின் அறையில் இன்னும் விளக்கு எரிந்தது. பூட்டு போனைக் கையில் வைத்துக்கொண்டே போய்க் கதவைத் தட்டினாள்.