பட்டியலில் இல்லாத வீடு

கனகரத்தினம் வீட்டுத் தண்ணீரை நிறுத்தியது மதுஜாதான். வேண்டுமென்றா செய்தாள்? புலம்பெயர்ந்து வந்த நாட்டில், ஷாஃப்ஹவுசனுக்குப் பக்கத்துச் சிறுநகரமொன்றின் தண்ணீர் அலுவலகத்தில் அவள் பொறியியலாளர். காலை ஒன்பதரைக்குப் பிரதான குழாய் வெடித்து, பாலர் பாடசாலையின் நிலவறைக்குள் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. ஊரின் குழாய்கள் அத்தனையையும் கணினிக்குள் அடக்கி வைத்திருக்கும் மென்பொருளைத் திறந்து, வெடித்த இடத்தை அழுத்தினாள். எந்த நாலு வால்வுகளைப் பூட்டினால் அந்தத் துண்டு மட்டும் தனியாகும் என்று கண்மூடித் திறப்பதற்குள் காட்டிவிட்டது.

தண்ணீர் நிற்கப்போகும் வீடுகள் அறுபத்து மூன்று. வீட்டிலேயே டயாலிசிஸ் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு அழைத்துச் சொன்ன பிறகுதான் பூட்ட வேண்டும். தண்ணீர் இல்லாமல் அது ஓடாது. அவர்களுக்கென்று தனிப்பட்டியல் உண்டு. அந்த அறுபத்து மூன்றில் ஒருவரும் அதில் இல்லை. அவளுக்குப் பழக்கமான கனகரத்தினத்தாரின் வீட்டு இலக்கமும் திரையில் நின்றது. பாவம், மத்தியானச் சமையல் பிந்தப்போகிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டு, தெருவில் நின்ற வேலையாட்களைப் பூட்டச் சொன்னாள்.

டயாலிசிஸ் இயந்திரம் நின்று அலறியபோது கனகரத்தினம் தனியே இருந்தார். கட்டடத்தின் பொதுச் சலவை அறையில் அன்று அவர்களுடைய முறை. மனைவி இராஜேஸ்வரி கீழே உடுப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றாள். மனிதர் பதறி எழும்ப, கையில் ஏற்றியிருந்த ஊசி கழன்றுவிட்டது. அவள் மேலே வந்தபோது சோபா முழுக்க இரத்தம்.

ஆம்புலன்ஸ் வந்த கதையையும் வீட்டில் இயந்திரம் இருந்ததையும் வேலையாட்கள்தான் மதுஜாவுக்குச் சொன்னார்கள். விழுந்தடித்து வைத்தியசாலைக்கு ஓடினாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இராஜேஸ்வரி குந்தியிருந்தாள்.

“மாமி, மெஷின் வைச்சிருக்கிறவைக்கு எங்கட படிவம் வந்திருக்குமே. ஏன் நிரப்பித் தரேல்லை?”

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள்.

“நிரப்பித்தான் வைச்சனாங்கள். அங்க நீ இருக்கிறாய் எண்டுதான் அனுப்பேல்லை.” இராஜேஸ்வரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “மகளுக்குக் கலியாணம் பேசுற நேரம், தேப்பன்ர வருத்தம் வெளியில தெரிஞ்சா சரிவராது. தவச்செல்வன் வீட்டில மெஷின் இருக்கிற விசயம் கோயில் வரைக்கும் வந்ததெல்லோ. அது எங்கயிருந்து வந்தது, பிள்ளை?”

மதுஜாவிடமிருந்துதான். பட்டியலில் தவச்செல்வனின் பெயரைக் கண்ட அன்று, இரக்கப்பட்டுத்தான், அம்மாவிடம் சொன்னாள். அம்மாவிடம் மட்டும். எங்கள் ஆட்களில் ஒருவரிடம் மட்டும் சொல்வதும் ஒலிபெருக்கி கட்டிச் சொல்வதும் ஒன்றுதான். அது தெரியாத வயதா அவளுக்கு?

வைத்தியர் வந்து இராஜேஸ்வரியை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கதவு சாத்தப்பட்டது. மதுஜாவின் கைப்பேசி அடித்தது. அம்மா.

“பிள்ளை, கனகரத்தினத்தாரை ஆம்புலன்ஸில ஏத்தினதாமே? என்ன வருத்தமாம்? உனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“எனக்கொண்டும் தெரியாதம்மா.”

கதவுக்கு அந்தப் பக்கம் இராஜேஸ்வரி குழறி அழத் தொடங்கினாள். மதுஜா கைப்பேசியைப் பொத்தினாள். பிந்திவிட்டது.

“ஆர் பிள்ளை அழுறது?” என்றாள் அம்மா.