மூக்குத்தி எடுக்கும் மிஷின்

திரௌபதியின் மூக்குத்தி கழன்று பீரோவுக்கு அடியில் உருண்டுபோனதில் அந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும் அவ்வளவு சந்தோஷம். வேறு யார், அவள் புருஷன் கொளஞ்சிநாதன்தான். மங்கலம்பேட்டை நண்பர் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வேக்குவம் கிளீனருக்கு ஒருவழியாக வேலை வந்துவிட்டதே!

“நாலு பேரக் கூப்ட்டு பீரோவ நகத்துங்க. மாசக் கடைசியில வேப்பூர்ல தங்கச்சி கல்யாணம். வெறும் மூக்கோட போனா, அடகு வச்சித் தின்னுட்டோம்னு பேசுவாங்க” என்றாள். அம்மா ஆசையாக வாங்கிக் கொடுத்த மூக்குத்தி. அதைப் போடவென்றே போன மாதம்தான் மூக்குக் குத்திக்கொண்டாள்.

“பீரோ மேல பொம்மை அடுக்கியிருக்குது. நாளைக்கே மிஷின்ல எடுத்துத் தரேன் பாரு.”

மிஷின் குழாயோ பீரோவுக்கடியில் நுழையாத தடிமன். தட்டையாக ஒரு வாய் வேண்டும். பிளாஸ்டிக் பைப்பை நெருப்பில் வாட்டி அமுக்கினால் முடிந்தது வேலை. செய்வாரா மகாராசன்? பீங்கான் பொம்மைக்குப் பேர்போன ஊரில் பிறந்துவிட்டு பிளாஸ்டிக்கைத் தொட்டால் மானம் என்னாவது! களிமண்ணில் வாய் செய்து, காயவைத்து, தான் வேலை பார்க்கும் கம்பெனிச் சூளையில் பொம்மைகளோடு பொம்மையாகச் சுட்டு எடுத்துவந்தார். சுருங்கிப்போய்க் குழாயில் ஏறவில்லை.

“மண்ண சுட்டா சுருங்கும்னு தெரியாதா?”

“எனக்கேவா? கணக்குல கொஞ்சம் பிசகிடுச்சி.”

அடுத்தது தொளதொளவென்று வந்தது.

பக்கத்து வீட்டு மதலேனாவுக்குத்தான் பதறியது. “அடியே, ஓட்ட தூந்துடும்டி! வெளக்கமாத்து ஈர்க்குச்சிய ஒடிச்சி சொருவிக்க” என்றாள். திரௌபதியும் சொருகிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் கொளஞ்சிநாதனுக்கு வந்ததே கோபம்!

“மூக்குல குச்சியோட தெருவுல போனா, என் மிஷின் வேலைக்கு ஆவலன்னு ஊரே சிரிக்கும். எடு அத. நாளைக்கு மூக்குத்தியே போட்டுக்கலாம்.”

சண்டை எதற்கு, தொலையட்டும் என்று அவளும் குச்சியை எடுத்துவிட்டாள்.

அந்த ‘நாளைக்கு’ கல்யாணத்துக்கு முதல் நாள்தான் வந்தது. மூன்றாவது வாய் கச்சிதம். அதன் முனையில் கொசுவலைத் துணியைக் கட்டி, செல்போன் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்து, சுவிட்சைப் போட்டார். வீடே அலறியது. முதலில் ஒரு சட்டைப் பட்டன், பிறகு ஒரு புளியங்கொட்டை. அப்புறம், அட, வலையில் ஒட்டிக்கொண்டு மூக்குத்தி வந்தேவிட்டது! திரௌபதிக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை நாள் புருஷனைத் திட்டிய திட்டையெல்லாம் மனசுக்குள் வாபஸ் வாங்கினாள்.

கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்த்தாள். ஏறவில்லை. எண்ணெய் தடவி அழுத்தினாள். கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். ஓட்டை தூர்ந்துபோயிருந்தது.

“மண்ணு சுருங்கறத இத்தன தரம் கணக்குப் போட்டீங்களே, என் மூக்க ஒரு தரம் பாத்தீங்களா?” என்று அழுதாள்.

கொளஞ்சிநாதன் பக்கத்தில் வந்தார். அவள் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, டார்ச்சை அடித்து மூக்கைப் பார்த்தார். பீரோவுக்கடியில் பார்த்த அதே பார்வை.

“அழுவாத. காலையில பஸ் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம். இதுக்குச் சின்னதா ஒரு மிஷின்…”

திரௌபதி மூக்கைப் பொத்திக்கொண்டு மதலேனா வீட்டுக்கு ஓடினாள்.