கதை எங்கே, வெர்னா?

அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் நாடகம் போடுகிறவர்களுக்கு ஒரே தெய்வம் டெஸ் வுகோவிச். ஊர்ப் பத்திரிகையின் கலைப் பக்கம் முழுவதையும் அவள் ஒருத்திதான் எழுதுகிறாள். இந்த வருடம் மட்டும் அவளுக்கு ஒன்பது மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்பதுக்கும் ஒரே பதில்: "நன்றி வெர்னா! ஆனா இதுல கதை என்ன?"

நானும் சளைக்காமல் நாடகத்தின் கதையை எழுதி அனுப்பினேன். முதல் காட்சியில் விதவை வருகிறாள், கடைசியில் கப்பல் மூழ்குகிறது என்று மூன்று பக்கம்.

என் நாடகங்களுக்கு வருகிறவர்கள் பன்னிரண்டு பேர். அடுத்ததற்கும் கூட்டம் சேராவிட்டால், நான் நாடகம் போடும் தேவாலயக் கூடத்தை பிக்கிள்பால் என்ற பந்தாட்டம் ஆடுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவதாகப் பாதிரியார் சொல்லிவிட்டார். பத்திரிகையில் நாலு வரி வந்தால் பிழைப்பேன்.

வந்தது கொலீன் மாக்கியின் முகம், அரைப் பக்கத்துக்கு. சலவைக் கடையில், இயந்திரங்கள் ஓட ஓட நாடகம் போடுகிறாளாம். பதினொரு வருடம் என்னிடம் நடித்தவள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

அந்த எரிச்சலில் பத்தாவது மின்னஞ்சலை எழுதினேன். 'அவளுக்கு மேடையில் நிற்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். என் நடிகர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போனாள். வியாழக்கிழமைதோறும் அவள் நடிக்கும் சலவைக் கடைக்கு எதிர்ப்புறம் காரை நிறுத்திக் கண்ணாடி வழியே பார்க்கிறேன். சத்தம் கேட்காது. நன்றாகத்தான் நடிக்கிறாள், பாவி.' அனுப்பிய பிறகுதான் புத்தி வந்தது.

பத்து நிமிடத்தில் டெஸ் போனில் கூப்பிட்டாள்.

"வெர்னா, ஒருவழியா கதைய அனுப்பிட்டீங்க!"

"எந்தக் கதை?"

"காருக்குள்ள உக்காந்து ஒளிஞ்சு பாக்குறீங்களே, அதுதான். நாடகத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு நான் எப்போ கேட்டேன்? அதப் போடுறவங்களுக்கு என்ன நடக்குதுன்னுல்ல கேட்டேன்!"

"ஊரே சிரிக்குமே டெஸ்."

"சிரிச்சுட்டு டிக்கெட் வாங்கும். கூடம், தேதி எல்லாம் போடுறேன். கொலீனும் பேசச் சம்மதிச்சுட்டாங்க. வியாழக்கிழமை சலவைக் கடை வாசல்ல ரெண்டு பேரையும் சேத்து ஒரு படம்."

அவமானத்தில் காது சுட்டது. ஆனால் கூடம் வேண்டுமே. சரி என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. படத்துக்குக் கீழ யார் பேரு முதல்ல வரும்?"

டெஸ் சிரித்தாள். "இடமிருந்து வலமாத்தான் எழுதுவோம். இடது பக்கம் நிக்கிறவங்க பேரு முதல்ல."

வியாழக்கிழமை அரை மணி நேரம் முன்னதாகவே போனேன். கடை வாசலின் இடது ஓரத்தில் கொலீன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள்.