பகல் பூட்டு

லிஃப்ட்காரருக்கு மாலைக்கண் வந்த விஷயம் அவருக்கு முன்பே அவர் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் சாப்பாடு முடிந்து வீட்டுப் பின்பக்கத்தில் தொலைநோக்கியை நிறுத்தியவர், அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கும் மேகம்தான் போல" என்றார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க சொல்றீங்க? கொட்டிக் கிடக்குதே."

"எது?"

"நட்சத்திரம்தான்."

அவர் மறுபடி அண்ணாந்தார். பிறகு தொலைநோக்கியின் மூடியைத் தடவித் தேடி மாட்டினார்.

கண் டாக்டர் இரண்டு மணி நேரம் சோதித்துவிட்டு விவரமாகச் சொன்னார். சத்துக் குறைவால் வந்ததல்ல, பரம்பரையாக வருவது. இருட்டில் பார்க்கும் சக்திதான் முதலில் போகும். வெளிச்சத்தில் இன்னும் பல வருஷம் படிக்கலாம், எழுதலாம், திரை பார்க்கலாம். "இருட்டுல மட்டும் நடமாடாதீங்க" என்றார்.

இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் குழிக்குள் இறங்கி ரிப்பேர் வேலை பார்த்தவரிடம் சொல்லப்பட்ட வார்த்தை அது. சான்றிதழைக் கம்பெனியில் கொடுத்தார். அவர்கள் ஒரு மேஜையும், புகார்ச் சீட்டுகளைப் பிரித்து அனுப்பும் வேலையும் கொடுத்தார்கள். அதை அவர் மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டார். ராத்திரிகளை விட்டுக்கொடுக்கத்தான் அவருக்கு மனம் வரவில்லை. பதினெட்டு வருஷமாக அவர் ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து வந்தார். பத்துப் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை மங்கி, கிட்டத்தட்ட மறைந்து, மறுபடி பிரகாசமாகும் நட்சத்திரம். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அதன் வெளிச்சத்தைக் கண்ணால் மதிப்பிட்டு நோட்டில் எழுதுவார். அந்த நோட்டு இப்போது ஐந்து மாதமாக வெறுமையாக இருந்தது.

"கண்ணால முடியலன்னா கேமராவால பார்க்கலாம்" என்றார் மனைவியிடம். "படம் கம்ப்யூட்டருக்கு வரும். திரை எனக்கு நல்லாவே தெரியுது."

"ராத்திரியில போய் அதைத் திறந்து மூடுறது யாரு? வழியில கல்லு தடுக்கும்."

"யாரும் போகக் கூடாது. அதுவே திறக்கணும், அதுவே திரும்பணும், மழை வந்தா அதுவே சாத்திக்கணும்."

மனைவி கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். எந்த வேலையையும் கண்ணால் அளந்துவிட்டுத்தான் பேசுவாள். பின்பக்கத்தை ஒருமுறை அளந்து பார்த்தாள். "துணி காயப்போட இடம் விடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

தொலைநோக்கியின் மேல் கவிழ்க்க வேண்டிய கூண்டு ஃபைபரில் நான்கு துண்டுகளாக, ஆரஞ்சுச் சுளைகள் போல வந்து இறங்கியது. அதற்கு முன்பே வட்டச் சுவர் எழுப்பியாகிவிட்டது. நடுவில் தொலைநோக்கிக்கு ஒரு கான்கிரீட் தூண். அந்தத் தூண் தரையைத் தொடக் கூடாது, சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும் என்று லிஃப்ட்காரர் சொன்னபோது கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"தூணும் தரையும் ஒட்டக் கூடாதா? நான் கட்டின வீடெல்லாம் ஒட்டித்தான் சார் நிக்குது."

"தரையில யாராவது நடந்தா அதிர்வு தூணுக்குப் போகும். படம் கலைஞ்சிடும்."

"யாருமே உள்ள போக மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஆனாலும் இரண்டு விரல் விட்டுத்தான் தூண் எழுந்தது.

மனைவியின் தம்பி ஒரு நாள் வந்து கூண்டைச் சுற்றிப் பார்த்தான். "என்ன அத்தான், தண்ணித் தொட்டியைக் கவுத்து வெச்சிருக்கீங்க?" என்றான். சொந்தத்தில் அந்தப் பேரே நிலைத்துவிட்டது. கல்யாண வீடுகளில் "கவுத்த தொட்டி எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்கள்.

குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்ததில் கூரைக் கதவின் ஓரமாக ஒழுகியது. லிஃப்ட்காரர் மூன்று வாரம் பசையோடு மல்லுக்கட்டினார். கடைசியில் மனைவி கடையிலிருந்து ரப்பர் துணி கொண்டுவந்து, விளிம்பை உள்பக்கமாக மடித்து இரட்டைத் தையல் போட்டு, ஒரே மத்தியானத்தில் ஒழுகலை நிறுத்தினாள். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார் அவர். "நீங்க கேக்கலையே" என்றாள்.

மின்சார வேலை முழுக்க அவருடையது. லிஃப்ட் தொழிலில் முதல் பாடம், எது கெட்டாலும் லிஃப்ட் பெட்டி ஆபத்தில்லாத இடத்தில் நிற்க வேண்டும் என்பது. அதையே இங்கும் கடைப்பிடித்தார். கரண்ட் போனால் பேட்டரி கூரைக் கதவைச் சாத்தும். ஒரு துளி மழை சென்சாரில் விழுந்தாலும் சாத்தும். பேட்டரியும் தீர்ந்துவிட்டால் கையால் சுற்றிச் சாத்த ஒரு கைப்பிடி. இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பகல் பூட்டு. சூரிய வெளிச்சம் இருக்கும்வரை கதவைத் திறக்கும் மோட்டாருக்குக் கரண்டே போகாது. பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்தால் காகிதம் பற்றிக்கொள்வது போல, பகலில் திறந்து கிடக்கும் தொலைநோக்கிக்குள் சூரியன் நுழைந்தால் உள்ளே இருப்பது கருகிவிடும்.

பதினோரு இரவுகள் எல்லாம் சரியாக நடந்தன. காலையில் எழுந்து பல் விளக்கும் முன்பே படங்களைத் திறந்து பார்ப்பார். அவருடைய நட்சத்திரம் புள்ளியாக, பளிச்சென்று, சின்ன நட்சத்திரங்கள் நடுவில் இருந்தது. நோட்டில் மறுபடி எழுத ஆரம்பித்தார்.

பன்னிரண்டாம் நாள் கதவு பாதியில் சிக்கியது. விடுமுறை நாள்தான், அன்றைக்கே சரிபார்க்க உட்கார்ந்தார். பகலில் கதவைத் திறந்து பார்க்கப் பகல் பூட்டு விடாது. அதனால் ஒரு சின்ன நீல ஒயரால் அந்தப் பூட்டின் இரண்டு முனைகளையும் இணைத்து அதை ஏமாற்றினார். உருளையைச் சரிசெய்து, எண்ணெய் விட்டு, பத்து முறை திறந்து மூடிப் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் அவருக்கு எல்லாம் போய்விடும். மின்பெட்டியின் மூடியைத் தடவி, திருகுகளைத் தடவி முறுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். நீல ஒயர் உள்ளேயே இருந்தது.

அதிலிருந்து நான்காம் நாள் விடியற்காலையில் கரண்ட் போனது. பேட்டரி கதவை ஒழுங்காகச் சாத்தியது. பதினொரு மணிக்குக் கரண்ட் திரும்பியபோது வீட்டில் யாரும் இல்லை. கம்ப்யூட்டர் தானாக உயிர் பெற்றது. அதன் கடிகாரத்துக்கான சின்ன பேட்டரி செத்திருந்ததால், அது தன் நேரத்தை நள்ளிரவு பன்னிரண்டு என்று எடுத்துக்கொண்டது. நள்ளிரவு, மேகம் இல்லை, மழை இல்லை. திற என்றது. பகல் பூட்டு தடுத்திருக்க வேண்டும். நீல ஒயர் இருந்ததால் தடுக்கவில்லை. கதவு திறந்தது. தொலைநோக்கி, நட்சத்திரம் இருக்க வேண்டிய திசை என்று தான் நினைத்த பக்கம் திரும்பி நின்றது. இரண்டரை மணிவாக்கில் சூரியன் அந்தப் பக்கம் வந்தது.

நான்கு மணிக்கு வேலை முடிந்து வந்த மனைவி, வாசலிலேயே பிளாஸ்டிக் தீயும் வாடையை உணர்ந்தாள். முதலில் அடுப்பைப் பார்த்தாள். பிறகு பின்பக்கம் ஓடினாள். கூண்டின் பிளவிலிருந்து மெல்லிய புகை நூல் போல மேலே போய்க்கொண்டிருந்தது. மெயின் சுவிட்சை அணைத்தாள். பேட்டரி சாத்தும்வரை காத்திராமல் உள்ளே நுழைந்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கதவைச் சாத்தினாள். தொலைநோக்கியின் உள்சுவரில் ஒட்டியிருந்த கறுப்புத் துணி கருகிக்கொண்டிருந்தது, அதை ஈரச் சாக்கால் அமுக்கினாள். அதன் பிறகுதான் போன் செய்தாள்.

"வீட்டுக்கு வாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா வாங்க."

வெளிச்சம் இருக்கும்போதே அவர் வந்து சேர்ந்தார். கேமரா உருகிப்போயிருந்தது. அதை அவர் அதிக நேரம் பார்க்கவில்லை. மின்பெட்டியின் மூடியைக் கழற்றினார். அரை விரல் நீளத்துக்கு நீல ஒயர், அவரே செருகிய இடத்தில் இருந்தது.

"இதுவா காரணம்?" என்றாள் மனைவி.

"நான்தான் காரணம்."

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு, "ஒல்லியை ஞாபகம் இருக்கா?" என்றார்.

அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒல்லி அவருக்குக் கீழே வேலை பார்த்த மெக்கானிக். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவின் பூட்டை இதே மாதிரி ஒயர் போட்டு ஏமாற்றி, சரிபார்த்து, ஒயரை எடுக்க மறந்து போனான். மறுநாள் மூன்றாம் மாடியில் கதவு திறந்தபடியே லிஃப்ட் கிளம்பியது. உள்ளே காலெடுத்து வைக்கப்போன ஆள் சட்டென்று பின்வாங்கியதால் பிழைத்தார். லிஃப்ட்காரர் நடந்ததைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். அதில் பொய் எதுவும் இல்லை. ஒல்லிக்கு வேலை போயிற்று. விசாரணையில் அவன், "குழியில இருட்டா இருந்துச்சுண்ணே, தெரியல" என்று சொன்னபோது, எல்லோருக்கும் முன்னால் லிஃப்ட்காரர் ஒன்று சொன்னார்: "கண்ணு தெரியாதவனுக்கு இந்த வேலை எதுக்குடா?" அறையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றாள் மனைவி.

"போய் என்ன சொல்றது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? சொன்னது நீங்கதானே."

ஒல்லி இப்போது கடைகளுக்கு ரோலிங் ஷட்டர் போடும் பட்டறை வைத்திருந்தான். பேர்தான் ஒல்லி, உடம்பு இரண்டு மடங்காகியிருந்தது. அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்டூலைக் காலால் நகர்த்திக் கொடுத்தான்.

லிஃப்ட்காரர் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். கூண்டு, பகல் பூட்டு, நீல ஒயர். கடைசியில் கண்ணைப் பற்றியும் சொன்னார். ஒல்லி ஒரு ஷட்டர் பட்டையின் முனையை அரம் போட்டுக்கொண்டே கேட்டான்.

"லெட்டர் எழுதினது தப்பில்லண்ணே" என்றான். "ஒருத்தர் செத்திருப்பார். உங்க இடத்துல நானா இருந்தாலும் எழுதியிருப்பேன்."

"தெரியும். நான் லெட்டருக்காக வரல."

அரம் நின்றது.

"அந்த வார்த்தை" என்றார் லிஃப்ட்காரர். "அதைச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது."

ஒல்லி பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் என்னைக் 'குருடன்'னுதான் கூப்பிட்டானுங்க, தெரியுமா? ஒல்லின்னு பேரு திரும்பி வர்றதுக்கு நான் குண்டாக வேண்டியிருந்துச்சு."

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. ஒல்லியும் சிரிக்கவில்லை.

"இப்ப நான் என்ன பண்ணணும்?" என்றான் ஒல்லி.

"ஒருதடவை வந்து பார்க்கணும். நான் செஞ்ச வேலையை நானே பார்த்தா போதாது."

ஒல்லி மறுபடி அரம் போட ஆரம்பித்தான். லிஃப்ட்காரர் எழுந்து வாசல்வரை போன பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது. "ஞாயித்துக்கிழமை காலையில வரேன். ஆனா வந்தா நான் சொல்றதைத்தான் கேக்கணும். நடுவுல பேசக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் அவன் கூண்டுக்குள் இருந்தான். லிஃப்ட்காரர் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை வாயைத் திறந்து, இரண்டு முறையும் மூடிக்கொண்டார். ஒல்லி வெளியே வந்து ஒரு தாளை நீட்டினான். பதினோரு குறைகள். முதலாவது, பகல் பூட்டு ஒயர் போட்டு ஏமாற்றக்கூடிய இடத்தில் இருக்கவே கூடாது. இரண்டாவது, தொலைநோக்கியின் வாய்க்குத் தனியாக, மோட்டாரில் திறந்து மூடும் ஒரு மூடி வேண்டும். கடைசியாக எழுதியிருந்தது: வேறு எங்காவது சோதனைக்கு ஒயர் போட்டால் அதில் ஒரு முழம் சிவப்பு நாடா கட்ட வேண்டும், மின்பெட்டியின் மூடியைப் போட்டாலும் நாடா வெளியே தொங்க வேண்டும், தடவிப் பார்த்தாலும் கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

"அஞ்சாவது எனக்குச் சரியாப் படல" என்றார் லிஃப்ட்காரர்.

"அப்ப வேற ஆளைக் கூப்பிட்டுக்குங்க."

ஐந்தாவதையும் செய்தார்கள். சிவப்பு நாடாவை மனைவி சீட் உறைத் துணியில் தைத்தாள். ஒல்லி அதை இழுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணி, தையல் பிரமாதம். இந்தக் கூண்டுலயே குறை சொல்ல முடியாதது உங்க வேலைதான்" என்றான். லிஃப்ட்காரர் தேநீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிய ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பழைய நாட்களைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. உருளை, நட்டு, பேட்டரி, மழை, இவ்வளவுதான் பேச்சு. ஒருமுறை மட்டும் ஒல்லி அந்த நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்டான். மங்குவதும் திரும்புவதும் எதனால் என்று லிஃப்ட்காரர் அரைமணி நேரம் விளக்கினார். "அப்ப அது மூச்சு விடுதுன்னு சொல்லுங்க" என்றான் ஒல்லி. கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார் அவர்.

புதுக் கேமரா வந்து, கூண்டு முதல்முறை மறுபடி இரவு முழுக்கத் தனியாக ஓடிய மறுநாள் காலை ஆறரை மணிக்குப் போன் அடித்தது. ஒல்லிதான்.

"சாத்திச்சா?" என்றான். திறந்ததா என்று கேட்கவில்லை.

"ரெண்டு தடவை. ஒரு மணிக்கு மேகம் வந்துச்சு, சாத்திக்கிச்சு. ரெண்டரைக்குத் திறந்துச்சு. அப்புறம் விடியறப்ப."

"சரி" என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

லிஃப்ட்காரர் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டு, முதல் படத்தைத் திறந்து, அளக்க ஆரம்பித்தார். நட்சத்திரம் கடைசியாக அளந்ததைவிட நன்றாகவே மங்கியிருந்தது.