ஓடெல்லைக் கொடுத்த வாரம்

இன்னும் இரண்டு பேர் பேசி முடித்ததும் உங்கள் முறை என்று ரேடியோ நிலையத்துப் பெண் சொல்லிப் பதினேழு நிமிடம் ஆகிவிட்டது. ரூடி ஹுடாக் தன் அண்ணன் வீட்டு முன்னால் நிறுத்திய காருக்குள், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜூலை கடைசி வெயில். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பால் வாங்கிவருகிறேன் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தவர் காரைக் கிளப்பவே இல்லை.

"அடுத்தது மேற்குப் பக்கத்துலேருந்து ரூடி. சொல்லுங்க ரூடி" என்றது சார்லி கான்ராயின் குரல். சனிக்கிழமை காலையில் போர்ட் காலஹான் நகரம் முழுக்கக் கேட்கிற குரல்.

"சார்லி, நான் அம்பத்தி மூணு வருஷமா ஹெரன்ஸ் பேஸ்பால் ஆட்டம் பாத்துட்டிருக்கேன்."

"இன்னிக்குப் பேசின எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிச்சாங்க."

"ஆரம்பிக்கத்தான் செய்வாங்க. அம்பத்தி மூணு வருஷத்துல ஒரு தடவைகூட இந்த டீம் கோப்பையைத் தொட்டதில்லை. இந்த வருஷம் ரெண்டாவது எடத்துல இருக்கோம். முதல் எடத்துக்கு நாலே ஆட்டம்தான் பின்னாடி. இப்பப் போய் ஓடெல்லைத் தூக்கிக் குடுத்துட்டு, மீசை முளைக்காத மூணு பசங்களை வாங்கிருக்காங்க. எந்த மடையனாவது செய்வானா?"

"ஓடெல்லுக்கு முப்பத்தி நாலு ரூடி. அடுத்த வருஷம் அவன் தானாவே வேற ஊருக்குப் போயிடுவான். அப்ப நம்ம கையில ஒண்ணும் இருக்காது. இந்தப் பசங்க மூணு வருஷத்துல..."

"அதான் சார்லி! அந்த மூணு வருஷம்! எப்பப் பாத்தாலும் மூணு வருஷம் பொறுங்க, மூணு வருஷம் பொறுங்க. மூணு வருஷம் இல்லாதவங்க இருக்காங்கய்யா. ஊரு பூரா இருக்காங்க. வாழ்நாள் பூரா பொறுத்துக்கிட்டவங்க. அவங்ககிட்டப் போய் யாரு சொல்றது? அந்த மேனேஜர் சொல்லுவானா? நீங்க சொல்லுவீங்களா?"

ரூடி போனைக் காதிலிருந்து எடுத்து, வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டார். பிறகு மெத்தை விளம்பரம் வந்தது.

ரூடி முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். அண்ணி டோலொரஸ் கூடத்து வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் வெறுங்கையைப் பார்த்தாள். பால் எங்கே என்று கேட்கவில்லை. தலையை மட்டும் உள்பக்கமாக அசைத்தாள்.

சோபாவை அகற்றிவிட்டு ஜன்னலோரம் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணன் எமில் படுத்திருந்தார். முப்பத்தோரு வருஷம் நகரப் பேருந்துகளின் அடியில் படுத்து வேலை பார்த்தவர். அந்தத் தோள்கள் இப்போது போர்வைக்குள் எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டியிருந்தது. ஜன்னல் மேடையில் ரேடியோ, மெத்தை எவ்வளவு மெத்தென்றிருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"அணைச்சுடு டோலி" என்றார் எமில். கண்ணைத் திறக்கவில்லை. "நம்மாளு பேசி முடிச்சுட்டான்."

ரூடி கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். செய்த தப்பைப் பார்த்துவிட்டவர் எதிரில் உட்காருகிற மாதிரி, நுனியில்.

"ரேடியோல உன் குரல் அப்பா குரல் மாதிரியே இருக்குடா" என்றார் எமில். "அவர்தான் எங்கேருந்தோ போன் பண்றார்னு நெனச்சேன்."

"வெயில்ல உக்காந்திருந்தேன். அதான்."

"கடைசில அழுதியா?"

"இல்ல. சிக்னல் போயிடுச்சு."

எமிலின் உதடு ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. டோலொரஸ் நனைத்த பஞ்சுக் குச்சியால் அந்த உதட்டைத் துடைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். காலையில் வந்துபோன நர்ஸ் ஜெனட், இன்றோ நாளையோ என்று அவளிடம் சொல்லியிருந்தாள். அவள் அதை ரூடியிடம் சொன்னாள். எமிலிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

"நல்லாத்தான் பேசின" என்றார் எமில் கொஞ்ச நேரம் கழித்து. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "ஆனா தப்பாப் பேசின. நல்ல வெலைக்குத்தான் குடுத்திருக்காங்க."

"ஆரம்பிச்சுட்டியா? நேத்து ராத்திரி சண்டை போட்டது போதாதா?"

"ஓடெல் நல்லவன். இல்லேங்கல. பதினோரு வருஷம் நமக்காக அடிச்சான். ஆனா முட்டி போயிடுச்சு. அடிச்சுட்டு முதல் தளத்துக்கு ஓடறப்பப் பாரு, பழைய நாப்பத்திரெண்டாம் நம்பர் பஸ்ஸு மேடேறுற மாதிரி. இன்னும் ரெண்டு வருஷம். அவ்வளவுதான்."

"அந்த ரெண்டு வருஷம் போதுமே. ஏன், இந்த அக்டோபர் கோப்பை ஆட்டம் வரைக்கும் போதுமே."

"யாருக்கு?"

எதிர்வீட்டுப் புல்வெளியில் யாரோ இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த சத்தம் அருகில் வந்து, திரும்பி, தூரப் போயிற்று.

"டீமோட ஆயுசையும் என் ஆயுசையும் ஏண்டா சேத்துக் கட்டற?" என்றார் எமில். "எனக்காக அவங்க ஜெயிக்கணும்னு கெடையாது. எனக்குப் பின்னாடியும் ஜெயிக்கணும். பேப்பரை எடு. அந்தப் பசங்களைப் பத்திப் படி."

"நேத்தே படிச்சேனே."

"நேத்து நீ திட்டிக்கிட்டே படிச்ச. இன்னிக்கு ஒழுங்காப் படி."

ரூடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதல் பையன் பந்து எறிபவன், இருபத்தொரு வயது, டெக்சஸ்காரன். வேகம் உண்டு, குறி இல்லை. எமில் கையை லேசாக அசைத்து அவனைத் தள்ளிவிட்டார். இரண்டாமவன் கல்லூரியிலிருந்து வந்தவன். அவனுக்கும் அதே அசைவு. மூன்றாமவன் வில்மர் அகோஸ்டா. பத்தொன்பது வயது. டொமினிக்கன் குடியரசில் பிறந்தவன். வெஸ்ட் ஹேலி என்ற சின்ன ஊரில், அணியின் கீழ்மட்டக் குழுவில் ஆடப் போகிறான். இதுவரை ஆடியது எழுபத்தெட்டு ஆட்டம். அடிக்கும் சராசரி சுமார்தான். இந்த வருஷம் இதுவரை ஐம்பத்தாறு முறை, அடிக்காமலே, முதல் தளத்துக்கு நடந்தே போயிருக்கிறான்.

"நிறுத்து. திரும்பப் படி."

"அம்பத்தாறு தடவை நடந்து போயிருக்கான்."

"பாத்தியா?" எமில் கண்ணைத் திறந்தார். இரண்டு நாளாக அந்தக் கண்ணில் இல்லாத வெளிச்சம். "தொடாம விட்ட கெட்ட பந்து நாலு சேந்தாத்தான் நடக்க விடுவாங்க. பத்தொன்பது வயசுல எல்லாப் பயலும் கண்ட பந்துக்கும் மட்டையைச் சுத்துவான். இவன் சும்மா நிக்கறான்டா. பாத்துக்கிட்டு நிக்கறான். எது தனக்கு வேண்டாம்னு தெரியுது அவனுக்கு. அதைச் சொல்லிக் குடுக்க முடியாது."

"பாக்கலாம், பாக்கலாம். இதுக்கு முன்னாடி எத்தனை அகோஸ்டாவைப் பாத்தாச்சு."

"இவன் வேற மாதிரி." கண் மீண்டும் மூடிக்கொண்டது. "மூணு வருஷம் கழிச்சு... ஏப்ரல் மாசம், முதல் ஆட்டம். ஏரிக்காத்து ஊசி மாதிரி குத்தும். நீ மொட்டைத் தலையோட தொப்பியில்லாம வந்திருப்ப. அவன் மட்டையோட படியேறி மைதானத்துக்கு வருவான். புதுச் சட்டை. மொதல் பந்து. அவன் தொட மாட்டான் பாரு. கூட்டம் கத்தும், அடிடா, அடிடான்னு. அவன் தொட மாட்டான். ரெண்டாவது பந்து..."

ரூடி காத்திருந்தார். அண்ணன் யோசிக்கிறார் என்று நினைத்தார். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாவது பந்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தார். ஏனோ கேட்கவில்லை. மடியில் விரித்த பேப்பரை மடிக்கவும் இல்லை.

எமில் அதற்குப் பிறகு பேசவில்லை. மதியம் ஃபீனிக்ஸிலிருந்து மகள் கேரன் போனில் கூப்பிட்டாள். விமானம் சிகாகோவில் மாற வேண்டும், ஆறு மணிக்கு வந்துவிடுவேன் என்றாள். டோலொரஸ் போனை எமிலின் காதருகே பிடித்தாள். அப்பா, அப்பா என்ற சின்னக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. நாலு மணி ஆகச் சில நிமிடம் இருக்கும்போது எமிலின் மூச்சு நீண்ட இடைவெளி விட்டு வந்தது. பிறகு இன்னும் நீண்ட இடைவெளி. அடுத்தது வரவில்லை. டோலொரஸ் அவர் நெற்றியில் கைவைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல, வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"ரூடி" என்றாள் கடைசியில், "அந்தப் பாலை வாங்கிட்டு வந்துடேன். கேரன் வந்தா காபிக்கு வேணும்."

புதன்கிழமை அடக்கம். புனித சிரில் கோயிலின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய இறைச்சி, பன்றித் தொடை சாண்ட்விச், வெண்ணெயில் வதக்கிய நூடுல்ஸ். கோயில் பெண்கள் தட்டுகளை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். பேருந்துப் பணிமனையிலிருந்து வந்த கிழவர்கள் ஒரு நீள மேஜையைப் பிடித்துக்கொண்டார்கள். பத்து நிமிடம் எமிலைப் பற்றிப் பேசினார்கள். பதினோராவது நிமிடம் ஸ்டான் புருசினா முள்கரண்டியை ஓங்கிவிட்டான்.

"நேத்தும் தோத்தாச்சு. நாலுக்கு ஒண்ணு. ஓடெல் இருந்திருந்தா?"

"ஓடெல் அங்க போய் ரெண்டு ஆட்டத்துல ஒண்ணுமே அடிக்கலை, தெரியுமா?" என்றான் கிளாரன்ஸ். பணிமனையில் டயர் பகுதியில் இருந்தவன். "கெழட்டுக் குதிரையை வித்துட்டாங்க. நல்லதுதான்."

"கெழட்டுக் குதிரையா? நீ என்ன குட்டியா? உன்னைக் குடுத்தா ஒரு பழைய டயர்கூட வராது."

"நான் டயர்க்காரன். பழைய டயர் வந்தாலும் ஒட்டி ஓட்டிடுவேன்."

மேஜை முழுக்கச் சிரித்தது. சிரித்தபின் எல்லோரும் ஒரே நேரத்தில், எங்கிருக்கிறோம் என்பது நினைவு வந்து, தட்டைப் பார்த்தார்கள்.

"ரூடி, நீ சனிக்கிழமை ரேடியோல கிழிச்சியாமே" என்றான் ஸ்டான், குரலைத் தாழ்த்தி. "என் பொண்டாட்டி கேட்டிருக்கா. நீயே சொல்லு. அந்தப் பொடியனுங்க தேறுவானுங்களா?"

ரூடி வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"அந்த அகோஸ்டா இந்த வருஷத்துல அம்பத்தாறு தடவை நடந்து போயிருக்கான்" என்றார். "பத்தொன்பது வயசு. கண்ட பந்துக்கும் சுத்த மாட்டான். சும்மா நிப்பான்."

ஸ்டான் அவரைப் பார்த்தான். "இது உன் பேச்சு இல்லையே" என்றான்.

கிளாரன்ஸ் எழுந்து போய் எல்லோருக்கும் காபி கொண்டுவந்தான்.

மறுநாள் காலை ரூடி எட்டு மணிக்கு எழுந்தார். அண்ணன் வீட்டுக்குப் போய்க் கட்டிலைத் திருப்பி எடுக்க வருகிறவர்களுக்கு உதவ வேண்டும் என்று நினைத்திருந்தார். கேரன் போனில், அதெல்லாம் முடிந்துவிட்டது சித்தப்பா, காலையிலேயே வந்து கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றாள். அம்மா தூங்குகிறாள், நீங்களும் கொஞ்சம் படுங்கள் என்றாள். ரூடி சரி என்றார். காரில் ஏறி, நெடுஞ்சாலைக்கு வந்து, தெற்கே திரும்பினார். வெஸ்ட் ஹேலிக்கு இரண்டு மணி நேரம். மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு நின்றது. ரேடியோவைப் போடவில்லை.

மைதானம் ஒரு தீவனக் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. மரப்பலகை வரிசைகள். மதிய ஆட்டத்துக்கு இருநூறு பேர் இருந்தால் அதிகம். மேகம் கூடிக்கொண்டிருந்தது. ரூடி மூன்றாம் தளத்துப் பக்கம், கம்பிவலை ஓரமாக உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு தாட்டியான பெண்மணி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

அகோஸ்டாவை அவரே கண்டுபிடித்தார். ஒல்லியாக இருந்தான். பெரிய சட்டை. வந்து ஒரு வாரம்கூட ஆகாததால் முதுகில் எண் மட்டும் இருந்தது, பெயர் இல்லை. முதல் முறை மட்டை பிடித்தபோது மூன்று பந்துக்கும் சுற்றினான். மூன்றும் காற்று; அவுட். திரும்பிப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு காலால் மண்ணை எற்றினான்.

"அடப் பாவி" என்றார் ரூடி, வாய்விட்டு.

பெண்மணி திரும்பினாள். "உங்களுக்கு வேண்டிய பையனா?"

"ம்."

"என்ன உறவு?"

ரூடி கொஞ்சம் யோசித்தார். "எங்க அண்ணன் மூலமா" என்றார்.

"பாவம், புதுசு. பசங்களுக்குப் புது ஊரு, புதுச் சாப்பாடு. என் பையன் வந்த புதுசுல ராத்திரியெல்லாம் போன் பண்ணி அழுவான்." அவள் விதைப் பொட்டலத்தை நீட்டினாள். ரூடி கொஞ்சம் எடுத்துக்கொண்டார். "உங்க அண்ணன் வரலையா?"

"வரலை."

நாலாவது சுற்றில் அகோஸ்டா மறுபடி வந்தான். முதல் பந்து வெளியே போயிற்று. தொடவில்லை. இரண்டாவதும் வெளியே. மூன்றாவது பந்துக்கு எறிகிறவன் கையைத் தூக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தூறலாக ஆரம்பித்து ஒரே நிமிடத்தில் கொட்டியது. நடுவர் கைகளை விரித்தார். ஜனங்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு கூரைப்பக்கம் ஓடினார்கள். பெண்மணி எழுந்து, "வாங்க, நனைஞ்சுடுவீங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

மைதான ஆட்கள் நாலே பேர்தான் இருந்தார்கள். ஆட்டக்காரப் பையன்களும் ஓடிவந்து மைதானத்தை மூடும் பெரிய கித்தானின் விளிம்பைப் பிடித்தார்கள். காற்று கித்தானுக்கு அடியில் புகுந்து தூக்கியது. அகோஸ்டா ஒரு மூலையைப் பிடித்து இழுத்தான், வழுக்கி விழுந்தான், விழுந்தபடியே வயிற்றில் சறுக்கிக்கொண்டு போனான். எழுந்தபோது சட்டை முழுக்கச் சேறு. ஏதோ ஸ்பானிஷில் கத்தினான். மற்றப் பையன்கள் சிரித்தார்கள். அவனும் பல் தெரியச் சிரித்தான்.

ஆட்டம் தொடருமா, நாளைக்கா என்று ஒலிபெருக்கியில் யாரும் சொல்லவில்லை. பையன்கள் கொட்டகைக்குள் போய்விட்டார்கள். கூரைக்குக் கீழே நின்றவர்களில் சிலர் கார்களை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். காலிப் பலகைகள் நடுவில் ரூடி நனைந்தபடி உட்கார்ந்திருந்தார். எறியாமல் நின்ற மூன்றாவது பந்துக்குக் காத்திருப்பவர்போல, கித்தான்மேல் மழை விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.